இன்னொரு மாடு என்ன தப்பு செய்தது?

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் பிள்ளைகளுக்குச் சொல்லத் தோதாக நம்மிடம் ஒரு கதை உண்டு. சிவபெருமான் தன் காளையைக் கூப்பிடுகிறார். “பூலோகத்துக்குப் போ. ஜனங்களைத் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல். மாதத்துக்கு ஒருமுறை சாப்பிடச் சொல்.” காளை இறங்கி வந்து, தினமும் சாப்பிடுங்கள், மாதம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள் என்று மாற்றிச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறது. சிவனுக்குக் கோபம். தினமும் சாப்பிட வேண்டுமென்றால் அத்தனை தானியத்துக்கு ஜனங்கள் எங்கே போவார்கள்? நீயே போய் உழுது கொடு என்று காளையைப் பூமிக்கே விரட்டிவிடுகிறார். அதனால்தான் மாடு ஏர் இழுக்கிறதாம். நாமும் வருஷத்தில் ஒருநாள் அதன் கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, பொங்கலை ஊட்டிவிடுகிறோம்.

கேட்டதைப் புரிந்துகொள்ளும் பரீட்சையில் ஃபெயிலான முதல் மாணவன் இந்தக் காளைதான். அதன் கதையை வைத்தே புரிந்துகொள்ளச் சொல்லித்தருவது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பாடம் இரண்டு முறை வாய்த்தது. முதல் முறை மாணவனாக, 1970-களின் தொடக்கத்தில், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நாலாம் வகுப்பில். அடுத்தது சமீபத்தில், சென்னையில் நான் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நூலக அறையில், ‘வாசிப்பு நண்பர்’ என்று சட்டையில் குத்திய அட்டையோடு.

அப்போது எங்களிடம் கதைப் புத்தகம் ஏது? பாடநூல் ஒன்று, அதிலும் இந்தக் கதை கிடையாது. நாளைக்கு விடுமுறை என்றால் இன்று மத்தியானம் பாடம் ஓடாது என்பது சாருக்கும் தெரியும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாயாலேயே சொன்னார். படங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. தை பிறக்கும் சமயம், ஏர் ஓய்ந்து களத்தில் போரடிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. பிணையல் மாடுகள் வைக்கோல் மேல் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே கேட்டோம்.

கதை முடிந்ததும் சார் எழுந்தார். கரும்பலகையில் கேள்வி எழுதினார். சிவன் யாரை அனுப்பினார்? எங்கே அனுப்பினார்? தினமும் என்ன செய்யச் சொன்னார்? கோடிட்ட இடத்தை நிரப்புக. பொருத்துக. சிலேட்டில் பல்பம் கிறீச்சிட நாங்கள் பத்துக்குப் பத்து வாங்கினோம். இதெல்லாம் வாங்கக் கதை புரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘மொண்டன் குர்க்கையைச் சிப்பினான்’ என்று ஒரு வாக்கியம் இருக்கட்டும். மொண்டன் எதைச் சிப்பினான்? குர்க்கையை. குர்க்கையைச் சிப்பியவன் யார்? மொண்டன். முழு மதிப்பெண். மொண்டன் யார், குர்க்கை தின்பதா உடுப்பதா என்று எந்தப் பையனும் கேட்க மாட்டான். இரண்டாம் வேற்றுமை உருபு இருக்கும்வரை தமிழ்ப் பிள்ளைக்குப் பாஸ் மார்க் நிச்சயம்.

எங்கள் சாரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? டொலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த ஊர்ப் பள்ளிகளில் போய் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். 1978–79இல் வெளியான அந்த ஆய்வில், நாலாம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை 4,469 நிமிடம் கவனித்ததில், எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லிக்கொடுத்த நேரம் 20 நிமிடம். மற்றபடி கேள்வி கேட்டுச் சோதித்தார்கள், பயிற்சித்தாள் நிரப்பவைத்தார்கள். எங்கள் சார் உலகத் தரத்தில்தான் இருந்திருக்கிறார்.

உண்மையான கேள்வி கேட்டவர் அந்தக் காலத்தில் ஒருவர்தான், வேதாளம். முடிவெட்டும் கடையில் கிடக்கும் பழைய ‘அம்புலிமாமா’வில், சங்கர் வரைந்த படத்தில், விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியபடியே கதை சொல்லிவிட்டு, ‘அவன் ஏன் அப்படிச் செய்தான்?’ என்று கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சரியாகச் சொன்னாலோ பரிசு கிடையாது, வேதாளம் மறுபடியும் மரத்துக்குப் போய்விடும். கல்வி முறை என்று பார்த்தால் கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் யார், எங்கே, எத்தனை என்று அது கேட்டு நான் படித்ததில்லை.

எங்கள் வகுப்பில் அந்த வேலையைக் கடைசி வரிசைப் பையன் ஒருவன் செய்தான். அவன் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டுபவர். பலகைக் கேள்விகளை எழுதி முடிக்காமலே எழுந்து நின்று கேட்டான். “சார், ஏருக்கு ரெண்டு மாடு வேணுமே. சாமி அனுப்புனது ஒண்ணு. இன்னொரு மாடு என்னா சார் தப்பு பண்ணிச்சு?”

சார் யோசித்திருந்தால் நல்ல மத்தியானமாக இருந்திருக்கும். “அதிகப்பிரசங்கி” என்றார். முட்டி போடச் சொன்னார். பிறகு, படிப்பு ஏறாதவன் மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்ற வழக்கமான ஆசீர்வாதம். சொன்னது புரியாவிட்டால் ஏரில் பூட்டிவிடுவது என்ற கைலாசத்து வழக்கம் எங்கள் ஊர்வரை அமலில் இருந்ததைக் கவனிக்கலாம்.

சார் எங்களுக்கு எழுதிப்போட்ட நீதி: ‘பெரியவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும்.’ நாங்கள் எடுத்துக்கொண்ட நீதி வேறு. 1956இல் காமராசர் ஆட்சி தொடங்கிவைத்த மதிய உணவுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் வகுப்பில் பாதிப் பேர். தட்டு உரசுகிற சத்தம் கேட்டால் வாய்ப்பாடு நின்றுவிடும். மாதத்துக்கு ஒருமுறை சாப்பிடு என்று மேலிருந்து வந்த உத்தரவை ஒரு மாடு கீழே வந்து மாற்றிச் சொன்னது என்றால், அந்த மாடு யார் பக்கம் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. கைக்கு எண்ணெய் கிடைக்கிற வீட்டுச் சாமிதான் தினமும் எண்ணெய்க் குளியல் கேட்கும் என்று திண்ணையில் ஒரு கிழவி சொன்னதும் நினைவிருக்கிறது. பாடத்தின் மையக்கருத்தை அவள் பள்ளிக்கே வராமல் பிடித்துவிட்டாள்.

சென்னைக்கு வருவோம். இப்போது புத்தகங்களுக்குக் குறைவில்லை. தமிழ்நாடு அரசே வாசிப்பு இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்து அழகழகான சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. எங்கள் குடியிருப்புக்கு வந்தது ஒரு தனியார் ஏற்பாடு. வழவழப்பான தாளில் பொங்கல் கதை, பக்கத்துக்கு மூன்று வரி, மீதியெல்லாம் படம். கூடவே ஒரு வழிகாட்டிக் கையேடு, புத்தகத்தைவிடத் தடிமன்.

பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு என் பேத்தி வயது இருக்கும். கெட்டிக்காரப் பெண். “சார், வாசிப்பதற்கு முன், வாசிக்கும்போது, வாசித்த பின், மூணு கட்டம்” என்று விரல் மடக்கினார். அட்டையைக் காட்டி முன்னூகம் செய்யவைக்க வேண்டும். நடுவில் நிறுத்தி உய்த்துணரவைக்க வேண்டும். பிறகு நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தல், காரண காரியம், சொந்த வாழ்க்கையோடு தொடர்புபடுத்தல், மையக்கருத்து. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை. இதற்கெல்லாம் மூலம் நல்ல மூலம்தான். 1984இல் பாலின்ஸ்கார், பிரவுன் என்ற இருவர், பிள்ளைகளே மாறி மாறி ஆசிரியராகி, அடுத்து வருவதை ஊகித்து, தாங்களே கேள்வி கேட்டு, புரியாத இடத்தில் நின்று தெளிவாக்கிக்கொண்டு, படித்ததைச் சுருக்கிச் சொல்ல வேண்டும் என்று ஒரு முறையை எழுதினார்கள். கேள்வி கேட்பவர் மாணவர் என்பதுதான் அதன் உயிர். எங்கள் கையேட்டில் எல்லாக் கேள்வியும் முன்கூட்டியே அச்சாகியிருந்தது, விடையோடு.

வட்டமாக உட்கார்ந்தோம். மூன்றாவது, நாலாவது படிக்கிற பிள்ளைகள். அட்டையைக் காட்டி “என்ன நடக்கும்?” என்றேன். “பொங்கல்” என்றார்கள். முன்னூகம் முடிந்தது.

‘மாதத்துக்கு ஒருமுறை சாப்பிடச் சொல்’ என்ற பக்கத்தில் ஒரு பையன் ஆர்வமாகக் கை தூக்கினான். “எங்கப்பா பண்றாரு தாத்தா. இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்.” சொந்த வாழ்க்கையோடு தொடர்பு: சரி என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டார். மாதத்துக்கு ஒருமுறை சாப்பிடுவது தண்டனையா வரமா என்று அந்த அறையில் ஓட்டெடுத்திருந்தால் அப்பாக்கள் பலர் சிவன் பக்கம் நின்றிருப்பார்கள்.

சிக்கல் கடைசிப் பக்கத்தில் வந்தது. காளை ஏர் இழுக்கிற படம். பிள்ளைகள் பார்த்தார்கள். அது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி சறுக்குமரம் என்றாள். சொல் அட்டையை எடுத்தேன். ‘ஏர்: உழுவதற்குப் பயன்படும் கருவி’ என்று இருந்தது. உழுவதற்கு ஒரு அட்டை உண்டா என்று தேடினேன், இருந்தது. ‘உழுதல்: ஏரால் நிலத்தைக் கிளறுதல்.’ என் நாலாம் வகுப்பு சார் இதைப் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். மொண்டனும் குர்க்கையும் நல்ல காகிதத்தில் மறுபதிப்பு ஆகியிருந்தார்கள்.

உய்த்துணர்தல் தனியாக ஒரு திறன், அதைப் பயிற்சி கொடுத்து ஏற்றிவிட்டால் எந்தக் கதையிலும் போய்ப் பொருந்திக்கொள்ளும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஏழாவது, எட்டாவது படிக்கும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் மட்டம் என்று பெயரெடுத்தவர்களில் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கிற ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட எவ்வளவோ மேலாகப் புரிந்துகொண்டார்கள். கடைசி வரிசைப் பையனுக்கு அன்று உய்த்துணர யாரும் அட்டை காட்டவில்லை. அவனுக்கு ஏர் தெரியும், அவ்வளவுதான்.

(அவன் இப்போது டிராக்டர்கள் வைத்து வாடகைக்கு விடுகிறான். மாட்டுப் பொங்கலன்று சந்தனமும் குங்குமமும் டிராக்டருக்கு. மாடு மேய்க்கவும் ஊரில் மாடு இருக்க வேண்டுமே.)

கையேட்டை மூடி வைத்தேன். செல்போனில் ஏர் உழுகிற வீடியோ ஒன்றைத் தேடி எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். சேற்றில் கலப்பை புதைந்து போவதையும், நுகத்தடி இரண்டு கழுத்துகளின் மேல் கிடப்பதையும், உழுகிறவர் மேழியை அழுத்திக்கொண்டு பின்னாலேயே நடப்பதையும் தலைகளை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். மேழி, நுகத்தடி, கொழு என்று பெயர்களைச் சொன்னேன். வேறொன்றும் விளக்கவில்லை. ஒரு சிறுமி போனையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தாத்தா, இதுல ரெண்டு மாடு இருக்கு.”

“ஆமாம்மா, ஏருக்கு ஜோடி வேணும்.”

“புக்ல ஒண்ணுதான் இருக்கு. அப்போ இன்னொரு மாடு என்ன தப்பு பண்ணிச்சு?”

முட்டி போட ஆளில்லாத காலம். அதற்குள் வட்டமே கிளம்பிவிட்டது. அதுவும் கூடப் போய்த் தப்பாகச் சொல்லியிருக்கும் என்றான் ஒருவன். கூடப் போயிருந்தால் திருத்தியிருக்குமே என்றாள் இன்னொருத்தி. இல்லை, அது மேலேயே இருந்திருக்கும், இந்த மாடு மாற்றிச் சொன்னதைச் சிவனிடம் போட்டுக்கொடுத்ததே அதுதான், போட்டுக்கொடுத்ததற்குத் தண்டனையாகச் சேர்த்து அனுப்பிவிட்டார் என்றான் ஃபாஸ்டிங் அப்பாவின் பையன். அப்படியென்றால் சிவன் நியாயஸ்தர் என்று ஒரு கட்சி. மாடு வேண்டுமென்றேதான் மாற்றிச் சொன்னது, அதற்குத் தின்னத்தான் பிடிக்கும், குளிக்கப் பிடிக்காது என்று ஒரு கட்சி. காளை ஏன் மாற்றிச் சொன்னது என்ற கேள்விக்குக் கையேட்டில் இருந்த சரியான விடை ‘காளையின் கவனக்குறைவு’.

பயிற்சிப் பெண் படிவத்தோடு தவித்தார். “சார், இதை எதுல போடறது? உய்த்துணர்தலா, காரண காரியமா?” குரலைத் தாழ்த்தி, “நிஜமாவே என்ன சார் பண்ணிச்சு அந்த மாடு?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன்.

கடைசியில் பயிற்சித்தாள் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. கொடுத்தோம். ‘இக்கதையின் மையக்கருத்து என்ன?’ என்ற பெட்டியில், இரண்டு மாடு எண்ணிய சிறுமி பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘முக்கியமான விஷயத்தை சாமி நேர்ல வந்து சொல்லணும்.’ அதற்குப் பக்கத்தில் பச்சை மையில், ‘மையக்கருத்தைக் கண்டறிவதில் மேலும் பயிற்சி தேவை.’