துருவம் சுற்றி டோக்கியோ

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர். விமானத்தில் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தால் அப்படித்தான். நடுவில் ரஷ்யா கால் நீட்டிப் படுத்திருப்பது நூலுக்குத் தெரியாதே!

2022-இல் உக்ரைன் போரையொட்டி ஐரோப்பாவும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வானத்தை இழுத்து மூடின. ஆசியாவுக்குக் குறுக்குவழி என்று சொல்லியே பிழைப்பு நடத்திய ஃபின்லாந்து விமான நிறுவனமான ஃபின்னேர், வட துருவம் வழியாகப் பறக்கத் தொடங்கியது. 13 மணி நேரம். இடுப்பொடிந்த பயணிக்கு, துருவத்தைக் கடந்ததற்காக ஒரு சான்றிதழ் வேறு! சீன விமானங்களோ பழையபடி ரஷ்யாவுக்கு மேலேயே ஜம்மென்று போய்க்கொண்டிருக்கின்றன.

இதில் வேடிக்கை, 1983-இல் ஃபின்னேர் முதன்முதலாக இடைநில்லாமல் டோக்கியோ போனதும் இதே துருவ வழியில்தான். அப்போது பூட்டியிருந்தது சோவியத் வானம். பயண நேரம்? அதே 13 மணி. இடையில் இன்ஜின் மாறியது, இருக்கை மாறியது, சோவியத் ஒன்றியமே காணாமல் போனது. டிக்கெட் விலையும் பழையபடி இல்லை என்பதைச் சொல்லவா வேண்டும்!

ஹெல்சிங்கியில் ஏறுகிறவர்கள் தடிமனான நாவலாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.