ஃபார்மட் அண்ணன்

பகலெல்லாம் பட்டுச் சேலைக்கு முந்தானைச் சித்திரம் வரைந்துகொண்டு பரம சாதுவாக இருக்கும் கம்ப்யூட்டர், இரவு ஒன்பது மணிக்குமேல் வீட்டுப் பிள்ளை ஜி.டி.ஏ. ஆட உட்கார்ந்த கால் மணி நேரத்துக்குள், திரையில் பறந்துகொண்டிருந்த கார் அந்தரத்தில் நிற்க, துப்பாக்கிச் சத்தம் மட்டும் ‘ட்ர்ர்ர்’ என்று ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டே போக, எந்தப் பொத்தானுக்கும் மசியாமல் ஸ்தம்பித்துவிடுமானால், ஆரணியில் அந்த வீட்டார் கூப்பிட்டு அனுப்புவது அதை விற்ற கடைக்காரரை அல்ல. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ‘கம்ப்யூட்டர் தெரிந்த அண்ணனை’த்தான்.

இவர் ஒரு தனி மனிதர் அல்லர், ஒரு வர்க்கம். புதுக்காமூரில் ஒருவர் இருப்பார், கொசப்பாளையத்தில் ஒருவர் இருப்பார். ஒருவரை ஒருவர் ‘அவருக்கு என்ன தெரியும்?’ என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். இளமையில் டி.சி.ஏ. படித்து, பிரௌசிங் சென்டர்கள் செழித்திருந்த காலத்தில் அப்படி ஒன்றை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டு, இப்போது ஜரிகைக் கமிஷனோ நிலத் தரகோ பார்த்து ஜீவனம் நடத்தும் இந்த மனிதருக்கு, யந்திரங்களின்மேல் உள்ள பிரேமை மட்டும் லவலேசமும் குறையவில்லை. சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். சாவிக்கொத்தில் ஒரு பென் டிரைவ் தொங்கும். அதற்குள் விண்டோஸ் இருக்கும். அதன் லைசென்ஸைப் பற்றிப் பிரஸ்தாபிப்பது நாகரிகமல்ல. காசு வாங்கமாட்டார், காப்பி மட்டும் சாப்பிடுவார். காசு வாங்காதவரைக் குறை சொல்ல யாருக்கும் நாக்கு எழாது என்பது அவருடைய தொழில் ரகசியம் என்று நான் சந்தேகிப்பதுண்டு.

வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, திரையை ஒரு முறை மேலும் கீழும் பார்த்து, “எப்போலேர்ந்துடா இப்டி ஆவுது?” என்பார்.

“கேம் ஆடறப்போ மட்டும்தாண்ணா ஹேங் ஆவுது. சில நேரம் தானா ஆஃப் ஆயிட்டு மறுபடி ஆன் ஆவுது. அப்பாவோட டிசைன் வேலைக்கு ஒண்ணும் ஆவறதில்ல.”

“வைரஸ்தான். ஃபார்மட் அடிச்சிடலாம்.”

பையன் சொன்ன மூன்றே வாக்கியத்தில் நோயின் ஜாதகமே அடங்கியிருக்கிறது. ஆனால் அண்ணனுடைய செவியில் ‘ஹேங்’ என்ற சொல்லுக்கு அப்பால் எதுவும் ஏறுவதில்லை. டிசைன் போடுவதென்பது கட்டம் கட்டமாகப் புள்ளி வைக்கிற காரியம். ஒவ்வொரு புள்ளியும் தறியில் எந்த இழை எழ வேண்டும், எது தாழ வேண்டும் என்ற உத்தரவு. அந்த உத்தரவை அட்டையில் துளைகளாக ஏற்றி நெசவை நடத்தும் வித்தையை 1804-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு என்பவர் செம்மைப்படுத்த, அந்தத் துளை அட்டையையே இங்கிலாந்தின் சார்ல்ஸ் பாபேஜ் தம்முடைய கணித யந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆக, கம்ப்யூட்டரின் பூர்வீகம் தறிதான். ஆரணிக்கு அது வந்து சேர்ந்தது ஒருவகையில் தாய்வீட்டுக்கு வந்ததாகும். இந்தப் புள்ளி வைக்கும் வேலைக்குக் கிராபிக்ஸ் கார்டு அநேகமாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம். விளையாட்டோ அதை உலுக்கி எழுப்பி முழு மூச்சாக வேலை வாங்குகிறது. மதர்போர்டிலிருந்து 75 வாட்டும், தனியே சொருகிய எட்டு முனைக் கேபிளிலிருந்து 150 வாட்டும் வரை மின்சாரத்தை இழுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. கேபினெட்டோடு சேர்த்து மலிவாகக் கொடுத்த, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். அந்தப் பளுவைத் தாங்காமல் கையை விரித்தால், பெட்டி பட்டென்று அணைந்து மறுபடி எழுகிறது. இழுத்த மின்சாரமெல்லாம் உஷ்ணமாகாமல் எங்கே போகும்? ஃபேன் எவ்வளவு சுழன்றாலும் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்கிவிட முடியாது; நம் வட ஆற்காட்டுக் கோடையில் அந்த அறைக்காற்றே 40 டிகிரியைத் தொடுகிறது. ப்ராசஸர் நூறு டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு திணறும். அதற்கும் அடங்காவிட்டால் படுத்துவிடும்.

நியாயமாகச் சொல்லவேண்டும்: கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் கெட்டிருந்தால் ஃபார்மட்டும் பலிக்கும். அண்ணனுடைய கீர்த்தி பூராவும் அப்படி எப்போதோ பலித்த கேஸ்களின்மேல் கட்டியது.

பெட்டியைத் திறக்கும் கட்டம்தான் நாடகத்தின் உச்சம். பக்கத் தகட்டைக் கழற்றினதும் வீட்டிலுள்ளோர் அத்தனை பேரும் குனிந்து பார்ப்பார்கள். தறி ஓடும் கூடத்திலேயே வாசம் செய்யும் பெட்டியாகையால், சாதாரணத் தூசியோடு பட்டுப் பிசிரும் கலந்து, ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை படிந்திருக்கும். விரலால் இழுத்தால் ஒரே பாளமாக உரிந்து வரும். அதன் நடுவே ஒரு சிறு ஜரிகைத் துணுக்கு மின்னும். வெள்ளிக் கம்பி சுற்றிய ஜரிகை மின்சாரத்தைக் கடத்தக்கூடிய வஸ்து. அது மதர்போர்டில் விழக்கூடாத இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை அண்ணன் சொல்லமாட்டார், ஏனெனில் அதற்குள் அவர் ப்ளோயரை ஆன் செய்துவிட்டிருப்பார். ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளாமல் ஊதுவதால் அது ஆகாய விமானம்போல் ஊளையிடும். பிறகு ராமைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களை, பள்ளிக்கூடத்துக் குழந்தையின் நடராஜ் ரப்பரால் தேய்ப்பார். பிறகு பழைய தெர்மல் பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைப்பார். ஓர் அரிசியளவு வைத்தால் போதும் என்று உலகத்தார் சொல்கிறார்கள். அரிசி ஆலைகள் சூழ்ந்த ஆரணியில் எந்த அரிசி என்ற கேள்வி எழுவது சகஜமே. அண்ணன் அந்தச் சர்ச்சைக்கு இடமின்றி ஒரு பருக்கைக்குப் பதில் ஒரு கவளமே வைத்துவிடுவார். பிறகு பிளக்கை வேறு சுவிட்சுக்கு மாற்றுவார். கடைசியில், இத்தனையும் செய்த பிறகும், ஃபார்மட்டும் அடிப்பார்.

பெட்டி ஓடும். ஓடாமல் என்ன செய்யும்?

“எதுனாலண்ணா சரியாச்சி?” என்று பையன் கேட்டால், “எல்லாத்தாலயுந்தாண்டா” என்பது பதில். ஐந்து காரியங்களை ஒரே மூச்சில் செய்தவருக்கு வேறு பதில் சாத்தியமில்லை. கூடத்துத் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் பையனின் தகப்பனார் இதையெல்லாம் கேட்டும் கேளாததுபோல், ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் அறுந்துபோன ஒன்றைத் தேடிப் பிடித்து முடிந்துகொண்டிருப்பார். ஓர் இழை அறுந்ததென்று பாவு முழுவதையும் வெட்டி எறிந்தவர் ஆரணியில் எவருமில்லை.

ஒவ்வொன்றாகப் பார்ப்பதில் அண்ணனுக்கு ஏன் இத்தனை விரோதம் என்று யோசித்திருக்கிறேன். ராமில் பழுதிருந்தால் மெம்டெஸ்ட்86 என்ற சோதனை பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அதை இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். உஷ்ணத்தை எண்ணாகக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. ஆட்டம் நடக்கும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையிலிருப்பதற்குப் பதில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைக் கடன் வாங்கிப் பொருத்திப் பார்த்தால், குற்றம் அதுவா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துபோகும். இவை எல்லாவற்றிலும் ஒரே குறை: பார்வையாளர்களுக்கு ரசமில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு சோதனை எண்பது சதவீதம் முடிந்திருப்பதைப் பார்த்து, ‘அண்ணன் கெட்டிக்காரர்’ என்று சொல்ல யார் விழித்திருக்கப் போகிறார்கள்?

விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவேட்டை அவர் எப்போதாவது திறப்பதுண்டு. அதில் ‘கெர்னல் பவர் 41’ என்ற வரியைக் கண்டுவிட்டால், “பாத்தியா, நாப்பத்தொண்ணு!” என்று வெற்றி முழக்கம் செய்வார். பெட்டி முறைப்படி அணையாமல் நின்றுபோயிற்று என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். அதைச் சொல்லத்தானே அவரை வரவழைத்தார்கள்!

இவ்வளவும் சொன்னபின், அண்ணன் இல்லாத ஊரில் குடியிருக்க எனக்குச் சம்மதமில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதானாலும், இரவில் ஃபியூஸ் போனாலும், ஆதாரில் பெயர் திருத்துவதானாலும், கூப்பிட்ட குரலுக்கு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். ஆகவே, அவரைக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு விண்ணப்பம்: வாசற்படியில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்பதற்கு முன்பாக, தகப்பனார் வரைந்து வைத்திருக்கும் முந்தானை, பார்டர் டிசைன்கள் அத்தனையையும் வேறொரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்கைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.