மைக்கைப் பிடிச்ச பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்டி குந்து. ஏரோப்ளேன் கம்பெனில வேலையாமே? கேட்டாண்ட நின்னு மைக்ல பேசற வேலையாமே? எந்தக் கம்பெனின்னு நானும் ஊர்ல சொல்லமாட்டேன், நீயும் சொல்லாத. ப்ளேன் லேட்டான அன்னிக்கும் நான் வில்லியனூர் டீக்கடைக்குப் போயாவணும்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்க. எஞ்சின்ல கோளாறுன்னா எஞ்சின்ல கோளாறுன்னு வாய் தவறிக்கூட சொல்லிடாத. "செயல்பாட்டுக் காரணங்களால்"னு ஆரம்பி. நம்ம டவுன் பஸ் நடுவழியில நின்னா கண்டக்டர் இன்னா பண்றான்? "பெல்ட் அறுந்துபோச்சு, எறங்கு"ன்னு கத்துறான். நாலு பேரு குனிஞ்சி பாக்குறான். ரெண்டு பேரு மெக்கானிக்குக்கே யோசனை சொல்றான். ஒருத்தனும் கோவப்படல, ஏன்னா அறுந்த பெல்ட்டக் கண்ணால பாத்துட்டான். ப்ளேன்ல அப்டி குனிஞ்சி பாக்க எவனையும் உடமாட்டாங்க. அதான்டா உன் தொழிலுக்கு மொதலு.

அடுத்து, நேரத்த மொத்தமா குடுக்காத. நாலு மணி நேரம் ஆவும்னு மெக்கானிக்கே சொன்னாலும் நீ அரை மணின்னு சொல்லு. அது முடிஞ்சா இன்னொரு அரை மணி. முழுசா சொல்லிட்டா பயணி வீட்டுக்குப் போயி ஒரு தூக்கம் போட்டுட்டு வந்துருவான். நம்பிக்கையோட அங்கயே குந்தவெக்கணும்.

இதுல ஒரு சிக்கலும் இருக்குது. ரெண்டரை மணி நேரத்துக்குள்ள பறக்கற தூரமா இருந்தா, 2 மணி நேரம் லேட்டுன்னாலே பசிக்கு எதுனா குடுக்கணும்னு ப்ளேன் கம்பெனிங்களக் கண்காணிக்கற டிஜிசிஏ எழுதி வெச்சிருக்குது. 6 மணி நேரத்துக்கு மேல இழுக்கும்னா வேற ப்ளேன் குடு, இல்லாட்டி முழுப் பணத்தத் திருப்பிக் குடுன்னும் இருக்குது. அதனால பிரயாணம் போறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: மைக்கக் கேக்காத, பொட்டலத்தப் பாரு. கேக்காமலே சமோசா வந்துச்சின்னா பைய தலைக்கு வெச்சிப் படுத்துக்க. இத உன் மேனேஜர்கிட்ட சொல்லிக்கினு திரியாத.

உள்ள நெசமா இன்னா நடக்குதுன்னாவது தெரியுமா உனக்கு? பைலட் கோளாற நோட்டுல எழுதிட்டா, எஞ்சினீயர் எம்இஎல்னு ஒரு பொஸ்தகத்தத் தொறப்பாரு. எது கெட்டிருந்தாலும் பறக்கலாம், எது கெட்டா நகரவே கூடாதுன்னு அதுல இருக்குது. பறக்கலாம்னு உட்டதுக்கும் கெடு உண்டு: ஒண்ணுக்கு 3 நாள், ஒண்ணுக்கு 10 நாள், ஒண்ணுக்கு 120 நாள். நகரக்கூடாதுன்னா ப்ளேன் படுத்துக்கும். மாத்த வேண்டிய சாமான் வேற ஊர்ல கெடக்கும். அது வந்து மாட்டி, லைசென்ஸ் இருக்கற ஆளு கையெழுத்துப் போட்டாத்தான் எழும்பும். இத அப்டியே மைக்ல சொன்னா ஜனங்க, "நல்லா பாத்து முடுக்கிட்டு வாங்கப்பா, உசுரு முக்கியம்"னு சொல்லிட்டுப் போயிடும். ஆபத்தே அங்கதான். அடுத்த வாட்டி "சாமான் எங்கேந்து வருது, கெளம்பிருச்சா?"ன்னு கேப்பாங்க. பதில் உனக்கும் தெரியாது. பாவம், உனக்கும் அரை மணி அரை மணின்னுதான் சொல்லி அனுப்புறாங்க.

எங்க வேணா வேல பாரு, நம்ம பாண்டிச்சேரி லாஸ்பேட்டை ஏர்போர்ட்டுக்கு மட்டும் மாத்தல் கேக்காத. ரன்வே சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி றெக்கையில காத்தாடி சுத்தற ப்ளேனுங்கதான் எறங்கும். வந்ததேதான் திரும்பியும் போவணும், மாத்து வண்டி கெடையாது. அங்க ஐதராபாத்துல கோளாறுன்னா இங்க தரை காலி. "இன்னும் சித்த நேரத்துல ஏறலாம்"னு நீ சொல்லும்போது கண்ணாடி வழியா ஒரு சின்னக் கொழந்த பாத்துட்டு, "ப்ளேனே இல்லியே"ன்னு கேட்டுரும்.

நம்ம தெரு சொல்தா இருக்காரே, பிரெஞ்சு பென்ஷன் வாங்குறவரு, அவராண்டயும் சாக்கிரதையா இரு. பாரீஸ்ல மவ வீட்டுக்குப் போயி வந்து எல்லாம் தெரிஞ்சி வெச்சிருக்காரு. 2005ல வியன்னாவுலேந்து ரோம் வழியா இத்தாலில இன்னொரு ஊருக்குப் போவ ஒரு அம்மா டிக்கெட் வாங்கிச்சாம். அலிடாலியா கம்பெனி, கெளம்ப 5 நிமிசம் இருக்கும்போது ரத்துன்னு சொல்லிச்சாம். எஞ்சின் டர்பைன்ல கோளாறு, அதுவும் முந்தின நாளே சோதனையில தெரிஞ்சது. அந்தம்மா நஷ்ட ஈடு 250 யூரோ, ஃபோன் பண்ண செலவு 10 யூரோன்னு கேட்டு கோர்ட்டுக்குப் போயிருச்சு. அந்தப் பத்து யூரோவுக்காகவே எனக்கு அந்தம்மாவப் புடிக்கும். 2008 டிசம்பர்ல ஐரோப்பியக் கோர்ட்டு சொல்லிருச்சு: வண்டி வெச்சிருக்கறவனுக்குக் கோளாறு சகஜம், அத அசாதாரணம்னு சொல்லிப் பொதுவா தப்பிக்க முடியாதுன்னு. தூரப் பயணத்துக்கு 600 யூரோ வரைக்கும் போவுது.

சொல்தா இதக் கேட்டா "எங்க பாஸ்போர்ட்டு அப்டி"ன்னு மார் தட்டுவாரு. பாஸ்போர்ட்டுல ஒண்ணும் இல்ல முசியே! பாரீஸ்ல ஏறினா இந்தியப் பாஸ்போர்ட்டு வெச்ச நம்ம ஆறுமுகத்துக்கும் நஷ்ட ஈடு உண்டு. சென்னையில ஐரோப்பியக் கம்பெனி ப்ளேன்ல ஏறி அங்க போனாலும் உண்டு. அதே சென்னையிலேந்து அரபு தேசத்துக் கம்பெனில ஏறிப் போனா சொல்தாவுக்கே கெடையாது.

காரணம் சொல்றதுல ஒரு வரிசை இருக்குது, அதையும் பழகிக்க. 2025 டிசம்பர்ல இண்டிகோ ப்ளேனுங்க கொத்துக் கொத்தா நின்னுபோச்சே, 5ந்தேதி ஒரு நாள்ல மட்டும் 1,000க்கு மேல ரத்து. அதுக்கு ரெண்டு நாள் முன்ன கம்பெனி சொன்ன காரணத்தப் பாரு: சின்னச் சின்னத் தொழில்நுட்பக் கோளாறு, குளிர்கால அட்டவணை, வானிலை, நெரிசல். பைலட்டுங்க ஓய்வுக்கு வந்த புது விதி எங்க இருந்துச்சு? கடைசில. பந்தியில கறிய அடியில வெச்சி மேல சோத்தக் கொட்டற வித்தை.

அதுக்கு ஒரு வாரம் முன்னாலதான் ஏர்பஸ் கம்பெனி இன்னொண்ணு சொல்லிச்சு. சூரியன் வீசற கதிரு பலமா அடிச்சா ஏ320 ப்ளேனோட கம்ப்யூட்டர் கணக்கு கெட்டுப்போவலாம், மென்பொருள மாத்துங்கன்னு. ஒலகம் பூரா சுமார் 6,000 ப்ளேனு, நம்ம நாட்டுல 338. சூரியனால ப்ளேன் லேட்டு! நம்ம ஊர்ல எவனாவது சொந்தமா சொல்லியிருந்தா சிரிப்பாங்க. ஆனா இன்னாது கெட்டுது, எதால, இன்னா பண்ணப்போறோம்னு நேரா சொன்னாங்க பாரு, ஜனங்க அதிகம் முணுமுணுக்கல. பெரும்பாலான ப்ளேன ரெண்டு மூணு நாள்ல சரி பண்ணிட்டாங்க.

அதனால ஒண்ணும் தோணலன்னா நீயும் சூரியன் மேல போட்டுரு. ராத்திரி பதினோரு மணி ப்ளேனுக்கு மட்டும் சொல்லி மாட்டிக்காத.