இனிஷியல்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று மைக் பிடிக்காத மேலாளர் அபூர்வம். குடும்பம் எப்படிப்பட்டது என்பது 2024 செப்டம்பர் 9 அன்று தெரிந்தது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளம், வேலை நேரம் எல்லாம் பட்டியலில் உண்டு. முக்கியமாகக் கேட்டது சங்கத்துக்கு அங்கீகாரம்.

சங்கத்தைப் பதிவு செய்வதற்கு நிர்வாகம் எழுப்பிய ஆட்சேபணைகளில் ரசிக்கத்தக்கது இது: சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ வரக்கூடாதாம், அது வணிக முத்திரையாம். சட்டையில் அந்தப் பெயர், கழுத்தில் தொங்கும் அட்டையில் அந்தப் பெயர், செய்து அனுப்பும் ஃப்ரிட்ஜின் நெற்றியிலும் அதே பெயர். சந்தா ரசீதில் வந்தால் மட்டும் தீட்டு! பிள்ளை இனிஷியல் போட்டுக்கொண்டதற்கு ஆட்சேபணை மனு கொடுக்கும் அப்பாவை இந்தக் குடும்பத்தில்தான் பார்க்க முடியும்.

வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. பதிவு விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27 அன்று அதே பெயரோடு சங்கம் பதிவானது. அடுத்த முறை தலைமைப் பண்பு வகுப்புக்கு ஆள் தேடும் மனிதவளத் துறையினர், அத்தனை நாளும் ஆயிரம் பேரைக் கலையாமல் வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். கட்டணமும் குறைவாகத்தான் இருக்கும்.