குக்குட பரிபாலன விசாரம்

யானையைப் பிடித்துப் பழக்குவதற்குச் சாஸ்திரம் இருக்கிறது. குதிரைக்குச் சுழி பார்ப்பதற்குச் சாஸ்திரம் இருக்கிறது. சண்டைச் சேவலை எந்தக் கிழமையில் எந்தத் திசையிலிருந்து களத்தில் இறக்கினால் ஜயம் உண்டாகும் என்று விதித்துரைக்கும் குக்குட சாஸ்திரம் ஒன்றும் தெலுங்கு நாட்டில் இன்றளவும் பயபக்தியோடு புரட்டப்பட்டு வருகிறது. ஆனால், தன் வீட்டுப் புறக்கடையில் முதன்முதலாக நாலு பெட்டைக்கோழிகளை வாங்கி விட்ட ஒரு சாதாரணக் குடும்பஸ்தன், அந்தக் கணத்திலிருந்து தன் தெருவாரிடையே அடையும் ஸ்தான பேதங்களைப் பற்றிச் சிந்தித்த பண்டிதர் ஒருவரையும் காணோம். இந்தக் குறையை ஓரளவு நிவர்த்திக்கும் பொருட்டே இச்சிறு விசாரம் எழுகிறது.

ஆராய்ச்சி என்றால் கல்வெட்டிலிருந்து தொடங்குவதே சம்பிரதாயம். அதிர்ஷ்டவசமாக நமது விஷயத்துக்கும் கல்வெட்டு உண்டு. விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்திலும், செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த இந்தளூரிலும், போரிட்டு மாண்ட சேவல்களுக்கு நம் முன்னோர் நடுகல் நாட்டி, பறவையின் உருவத்தையும் செதுக்கி, வட்டெழுத்தில் விவரமும் பொறித்திருக்கிறார்கள். இந்தளூர்ச் சேவலுக்குப் பொற்கொற்றி என்று திருநாமமும் இருந்திருக்கிறது. இவற்றைப் படித்தோர் எழுத்தின் வடிவத்தையும் காலத்தையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். என் கண்ணில் பட்டது வேறொன்று. அரசலாபுரத்துக் கல் அந்த வீரனை மேற்சேரியின் கோழி என்கிறது. இந்தளூர்க் கல் கீழ்ச்சேரியின் கோழி என்கிறது. தீனி வைத்தவன் யார், காலுக்குக் கயிறு கட்டியவன் யார் என்பதைப் பற்றி இரண்டு கல்லும் மூச்சு விடவில்லை. கோழியை விலை கொடுத்து வாங்குபவன் ஒருவனாயினும் அது உரிமையாவது தெருவுக்கே என்ற பிரமாணம், ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் கல்லில் ஏறிவிட்டது என்று துணிவதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. யானையோடு பொருது வென்ற கோழியொன்றின் நிமித்தமாகச் சோழர் தலைநகரான உறையூர் கோழியூர் என வழங்கலாயிற்று என்ற ஐதிகத்திலும், அந்தக் கோழி யாருடையது என்று எவரும் கேட்டதில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். ஆராய்ச்சிக் களமாக நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டேன். காரணம், முரண்பாடு அங்கேதான் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. தெருவுக்கு வெளியே, நீண்ட கொட்டகைகளில் வெள்ளை லெகார்ன் கோழிகள் கம்பிக் கூண்டுகளில் நின்றபடி ஆண்டுக்கு 300-க்குக் குறையாமல் முட்டையிட்டுக் கொண்டிருக்கின்றன; அம்முட்டைகளின் விலையை, 1982-இல் ஏற்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. தெருவுக்கு உள்ளேயோ, ஆண்டு முழுவதும் முயன்றும் எழுபது எண்பதைத் தாண்டாத நாட்டுக்கோழியின் முட்டைக்கு, மூன்றாம் வீட்டு அக்கா அன்றன்று வாய்க்கு வந்ததே விலை. அந்த விலைக்கு அப்பீல் கிடையாது.

இத்தகைய ஒரு தெருவில் ஒருவர் புதிதாகக் கோழி வாங்கி வருகிறார். விசாரத்தின் வசதிக்காக அவரை நூதனர் என்று அழைப்போம். வாரச் சந்தையில் சிறுவிடையா பெருவிடையா என்று அவர் தடுமாறுவதையும், வியாபாரி கோழியைத் தலைகீழாகத் தூக்கி மஞ்சள் காலைக் காட்டி மயக்குவதையும் விரித்துரைக்கப் புகுந்தால் கட்டுரை நீளும். ஆயினும் ஒரு சிறு தகவலைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. வீட்டுக்கோழி முழுவதும் செங்காட்டுக்கோழியின் வமிசமே என்று டார்வின் கருதினார். அந்த மஞ்சள் தோலுக்குரிய மரபணு மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள். சாம்பல் காட்டுக்கோழி நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளில் திரியும் பறவை. ஆகவே சந்தை வியாபாரி மஞ்சள் காலைத் தட்டிக் காட்டி, “நம்ம பக்கத்துச் சாதிங்க” என்று சத்தியம் செய்யும்போது, அவனையறியாமல் அதில் ஒரு துளி உண்மை கலந்துவிடுகிறது.

பையைக் கவிழ்த்துக் கோழிகளைப் புறக்கடையில் விட்டதும் நிகழ்வது என்ன? நார்வே தேசத்தவரான தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே என்பவர், பாலியப் பிராயத்திலிருந்தே கோழிகளை உற்றுநோக்கி வந்தவர். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தலாம், எது யாரையும் திருப்பிக் கொத்தாமல் கொத்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வரிசைக் கிரமம் உண்டு என்று அவர் 1922-இல் ஜெர்மன் மொழியில் எழுதி உலகுக்கு நிரூபித்தார். புதிதாக வந்து சேரும் கோழி பெரும்பாலும் வரிசையின் கடைசியில்தான் நிறுத்தப்படும். அவருடைய ஆராய்ச்சி வேலிக்கு உட்புறத்தோடு நின்றுபோனது நம் துரதிர்ஷ்டம். வேலிக்கு வெளியே, மதிலின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கும் ஜனங்களுக்கும் அதே கிரமம் பொருந்துகிறது என்பதும், அந்த வரிசையில் நூதனர் தம்முடைய கடைசிக் கோழிக்கும் கீழே வைக்கப்படுகிறார் என்பதும் என் பணிவான அபிப்பிராயம்.

வரிசையின் உச்சியில் இருப்பவர் எதிர்வீட்டு ஆத்தா. அவர் சாமானியமாக வாய் திறப்பதில்லை. திறந்தால் அதுவே தீர்ப்பு. “ஏங் கண்ணு, பொட்டைய மட்டும் புடிச்சாந்து உட்டுருக்கற, சாவல் எங்க?” என்று அவர் கேட்ட மாத்திரத்தில், அதுவரை கோழிகளின் அழகைப் பாராட்டிக் கொண்டிருந்த தெரு முழுவதும் கட்சி மாறிவிடுகிறது. அடுத்த படியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், குஞ்சு பொரிப்பதற்குத்தான் சேவல் தேவை என்ற சரியான விவரத்தை அறிந்தவர் தெருவில் அவர் ஒருவரே. ஆயினும் சரியான விவரம் தெரிந்திருப்பது இந்த வரிசையில் ஒருவரை மேலே ஏற்றுவதில்லை. அவருக்கும் கீழே டீக்கடைக்காரர். அவருக்கும் கீழே, தான் வளர்த்ததில்லை, ஆனால் மாமனார் வீட்டில் நூறு கோழி இருந்தது என்று சொல்லிக்கொள்பவர். அவருக்கும் கீழே ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். இந்தப் பையனுடைய புத்திமதியையும் நூதனர் கைகட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருப்பதே அவருடைய ஸ்தானத்துக்கு அளவுகோல். “சரிங்க ஆத்தா” என்பதைத் தவிர வேறு வாக்கியம் எதையும் முதல் மாதத்தில் அவர் உச்சரித்ததாகச் சான்று இல்லை.

அடை வைக்கும் காண்டம் வரும்போது இந்த அதிகார அடுக்கு தன் முழு வைபவத்தோடு வெளிப்படுகிறது. ஒரு கோழி கூட்டைவிட்டு இறங்காமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனால் கொர்ரென்று சீறுமானால், அது அடைக்கு வந்துவிட்டது என்று பொருள். நூதனர் இதை நோய் என்று கருதி வைத்தியரைத் தேடப் புறப்படும் சமயத்தில் ஆத்தா படலைத் திறந்துகொண்டு பிரவேசிக்கிறார். பழைய மூங்கில் கூடை ஒன்று வருகிறது. அடியில் மணல் பரப்பப்படுகிறது. மேலே கொஞ்சம் வைக்கோல். அதன்மேல் ஒற்றைப்படையாக முட்டைகள். பக்கத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு அடுப்புக்கரித் துண்டு, ஒரு மிளகாய் வற்றல். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க இவை காவல். தலைமையாசிரியர் இதை மூடநம்பிக்கை என்று மறுத்து, முட்டையின் நலத்துக்குக் காரணம் தாய்க்கோழியின் உடற்சூடும், அது அலகால் முட்டைகளை நாளெல்லாம் புரட்டிப் புரட்டி விடுவதும்தான் என்று சொற்பொழிவாற்றுகிறார். ஆத்தா மறுத்துப் பேசுவதில்லை. ஆணியை இன்னும் சற்று உள்ளே தள்ளி வைக்கிறார். 21-ஆம் நாள் குஞ்சுகள் வெளிவந்தால் அது ஆணியின் மகிமை. வராவிட்டால் அது நூதனர் கூடையை அடிக்கடி எட்டிப் பார்த்ததன் பலன். எவ்விதத்திலும் பொய்யாகாத சித்தாந்தம் ஒன்றைத் தேடும் தத்துவவாதிகள் இதைக் கவனிக்கலாம்.

ஒரு வாரம் சென்றபின் இருட்டறையில் முட்டையை டார்ச் விளக்கின்மேல் வைத்துப் பார்க்கும் சடங்கு உண்டு. உள்ளே செந்நிற நரம்புகள் சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தால் கரு கூடியிருக்கிறது. வெறுமனே வெளிச்சம் பாய்ந்தால் அது ஆகாத முட்டை. அடை முட்டையைத் தினம் ஒன்றாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளில் இரத்தப் புள்ளியொன்று துடிப்பதைக் கண்ட அரிஸ்டாட்டிலுக்கு இந்த வித்தை தெரிந்திருந்தால் கிரேக்கக் கோழிகள் சில குஞ்சுகளை அதிகமாகக் கண்டிருக்கும். எங்கள் தெருவில் முட்டையை விளக்கில் பிடிப்பவர் டீக்கடைக்காரர். சுற்றிலும் எட்டுத் தலைகள். ஒரு முட்டை தேறவில்லை என்றால் அத்தனை தலைகளும் ஒரே சமயத்தில் திரும்பி நூதனரைப் பார்க்கும்.

அடைக்கு வந்த கோழியை வேண்டாமென்று தெளிய வைப்பதற்கும் பிரயோகங்கள் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் முக்கியெடுப்பது ஒன்று. அதன் இறகையே மூக்கில் குத்தி விடுவது மற்றொன்று. இரண்டாவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், கோழியும் செய்யாது.

தீனியைப் பற்றி ஒரு வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், டச்சுக்காரர் ஆண்ட ஜாவாத் தீவில், படேவியா நகரத்து மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் வளர்த்த கோழிகள் காலிழுத்து நடக்கமாட்டாமல் விழுந்தன. பிறகு தாமாகவே எழுந்து நடந்தன. விசாரித்ததில், இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோற்றை அவை தின்றிருந்ததும், பின்னால் வந்த புதிய சமையற்காரர், இராணுவத்துச் சோற்றைச் சிவில் கோழிகளுக்குப் போட முடியாது என்று நிறுத்திவிட்டதும் தெரியவந்தன. தவிட்டில் இருக்கும் சத்தைப் பற்றிய ஞானம் உலகுக்கு இந்த வழியாகத்தான் பிறந்தது. ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. சமையற்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நம் தெருவில் தவிட்டின் மகிமை அதற்கு வெகு காலம் முன்பே தெரியும் என்று ஆத்தா சொல்வதை நான் மறுக்கத் துணியேன். குஞ்சுகளுக்கு அவர் கொடுக்கும் விசேஷ ஆகாரம் கரையான். ஓட்டைப் பானையில் கிழிந்த கோணியும் காய்ந்த சாணியும் உளுத்த கட்டையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், விடியலில் பானைக்குள் கரையான் அப்பிக் கிடக்கும். தட்டினால் உதிரும், உதிர்வதற்குள் குஞ்சுகள் அலகை நீட்டும். பானை நூதனருடையது, கோணி தலைமையாசிரியருடையது, கரையான் அடுத்த வீட்டுச் சுவருடையது.

இங்கேதான் உடைமைப் பிரச்சினை சட்ட ரூபம் எடுக்கிறது. நூதனரின் கோழி வேலியைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டு அக்காள் நடுமுற்றத்தில் காயவைத்த நெல்லைக் கிளறுகிறது. போதாக்குறைக்கு அவர்கள் வைக்கோற்போரின் பொந்தில் முட்டையும் இட்டுவிட்டு, ஊர் கேட்கக் கொக்கரித்துக்கொண்டு திரும்புகிறது. முட்டை யாருக்கு? 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தைப் புரட்டினேன். அத்துமீறி நுழைந்தால் பட்டியில் அடைக்கத்தக்க பிராணிகளின் ஜாபிதாவில் யானை இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது, கோவேறு கழுதை, பன்றி, வெள்ளாட்டுக் குட்டிகூட இருக்கிறது; கோழி இல்லை. ஒட்டகம் வந்து நெல்லைத் தின்றால் அந்த அக்காளுக்குப் பரிகாரம் உண்டு. கோழி தின்றால் வாய்தான் பரிகாரம். அந்தப் பரிகாரத்தை அவர் தாராளமாகவே கையாள்கிறார். தெருவின் வழக்காற்று நீதி சட்டத்தைக் காட்டிலும் நுட்பமானது: போரில் கண்டெடுத்த முட்டை போருக்குரியவளுக்கு, தின்ற நெல் கணக்கில் வராது, அடுத்த முறை குஞ்சு பொரித்தால் ஒரு பொட்டைக் குஞ்சு அவள் வீட்டுக்கு. அடையாளத்துக்காக நூதனர் தம் கோழிகளின் கால் நகத்தை நறுக்கி வைத்திருப்பதெல்லாம் இந்த நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படுவதில்லை.

சேவல் கூவும் வழக்கு வேறு. பிரான்சு தேசத்து ஒலெரோன் தீவில் மோரீஸ் என்ற சேவல் விடியலில் கூவுவது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அண்டைவீட்டார் தொடுத்த வழக்கில், 2019-இல் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்பளித்தது. 2021-இல் நாட்டுப்புறத்து ஓசைகளையும் வாசனைகளையும் காக்க அங்கே தனிச் சட்டமே வந்துவிட்டது. எங்கள் தெருவில் இத்தகைய வழக்கு எழவில்லை. எல்லார் வீட்டிலும் சேவல் இருப்பதால் வாதி அகப்படவில்லை. ஜப்பானிய நகோயாப் பல்கலைக்கழகத்தார், சேவல் வெளிச்சத்தைக் கண்டு மட்டும் கூவுவதில்லை, உள்ளே ஓடும் உடற்கடிகாரத்தாலும் கூவுகிறது என்று 2013-இல் காட்டினார்கள்; ஒரு கூட்டத்தில் மூத்த ஸ்தானமுள்ள சேவலே முதலில் கூவும், மற்றவை தத்தம் தகுதிப்படி பின்தொடரும் என்பதும் அடுத்து 2015-இல் வெளியாயிற்று. பேச்சு வார்த்தையில் எங்கள் தெருவின் ஒழுங்கும் அதுவே.

நோயை ஒரு வரியில் கடக்கக் கூடாதுதான். ஆனால் அதில் வேடிக்கை இல்லை. வெள்ளைக்கழிச்சல் ஒரு வீட்டில் நுழைந்தால் தெருவையே துடைத்துவிட்டுப் போகும். குஞ்சுக்கு ஒரு வார வயதில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் போடும் ஊசியும்தான் இதற்குக் காப்பு. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஆத்தாவே தம் கோழிகளைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு முதலாவதாகப் போய் நிற்கிறார். ஆணியைக் கொண்டுபோவதில்லை.

மாரியம்மன் நோம்பி சாட்டியதும் கடைசிக் காண்டம் பிறக்கிறது. வெளியூர்ச் சம்பந்திமார் வருவார்கள். கோழி அடிக்க வேண்டும். நூதனரின் பிள்ளைகளோ ஒவ்வொரு கோழிக்கும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயரிடப்பட்ட கோழி குழம்பாகாது என்பது இத்துறையின் அசையாத விதி. அதற்குத் தெரு கண்டுபிடித்திருக்கும் விமோசனம் பண்டமாற்று: உங்கள் செவலையை அக்காள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அக்காள் வீட்டுக் கறுப்பை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியது. இரண்டு வீட்டிலும் மிளகு மணக்கும். ஒரு வீட்டிலும் பிள்ளை அழாது. சேரியின் கோழி என்று கல்லில் வெட்டியவர்கள் இந்த ஏற்பாட்டை உத்தேசித்தார்களா என்று உறுதி கூற இயலவில்லை.

நூதனருக்கு என்றாவது ஸ்தான உயர்வு உண்டா என்பது மிஞ்சிய வினா. உண்டு, ஆனால் அனுபவத்தாலோ குஞ்சுகளின் எண்ணிக்கையாலோ அல்ல. தெருக்கோடியில் புதிதாகக் குடிவந்தவர் ஒருவர் சந்தையிலிருந்து கோழிப்பையோடு இறங்க வேண்டும். அந்த ஒன்றே வழி. போன மாதம் அப்படியே நடந்தது. நம் நூதனர் பல் துலக்கிக் கொண்டிருந்தவர் குச்சியை எறிந்துவிட்டு, மதிலின்மேல் முழங்கையை ஊன்றி, “ஏனுங் தம்பி, சாவல் வாங்கலீங்களா?” என்று கேட்டார். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஆத்தா, “நீ மொதல்ல உங்கூட்டுப் பஞ்சாரத்த மூடு கண்ணு, கீரி சுத்துது” என்றார்.