ஸ்கேட்டிங் அப்பா

மீனம்பாக்கத்தில் விடிகாலை விமானத்துக்கு நிற்கும் கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கத்திரி வெயில் காலத்திலும் ஜெர்கின் போட்டிருப்பார். குளிருக்காக அல்ல. இடது பாக்கெட்டில் முழங்கால் கார்டு, வலது பாக்கெட்டில் ஸ்பேர் சக்கரங்கள். பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு நிற்கும் மகள் தலையில் ஹெல்மெட். கைப்பை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனிக்காரன் சட்டம். உடம்பில் மாட்டியதை யாரும் தராசில் வைப்பதில்லை என்பது இவர் கண்டுபிடிப்பு.

"ஸ்கேட்ஸை செக்-இன்ல போட்டுடுங்களேன் சார்" என்பார் கவுண்டர் பெண்.

"ஏம்மா, உன் குழந்தையை நீ லக்கேஜ்ல போடுவியா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை சார்."

மனிதரிடம் நியாயம் இல்லாமல் இல்லை. பந்தய ஸ்கேட்டின் கார்பன் பூட்டை அவனில் வைத்து இளக்கி, பிள்ளையின் காலை உள்ளே விட்டு, அந்தக் காலுக்கென்றே படியவைப்பார்கள். (கேக்குக்காக வாங்கிய அவன். வீட்டம்மா இன்னும் அதை மன்னிக்கவில்லை.) நாளைக் காலை நேஷனல்ஸ் ஹீட்ஸ், பெட்டி வழிமாறி வேறு ஊர் போய்விட்டால் அடுத்த பிள்ளையின் பூட்டைக் கேட்டு வாங்கி மாட்டி ஓட முடியாது.

அடுத்து எக்ஸ்ரே. பெல்ட் நின்று, பின்னால் போய், மறுபடி முன்னால் வரும். எட்டுச் சக்கரம், சக்கரத்துக்கு இரண்டாகப் பதினாறு பேரிங், நீள நீளமாக ஃபிரேம். திரையில் பார்க்கிறவர் என்னதான் நினைப்பார்? போதாததற்கு, முந்தின ராத்திரிதான் பேரிங்கை பெட்ரோலில் கழுவியிருப்பார் நம்மாள். பையைத் திறந்ததும் அதிகாரியின் மூக்கு விடைக்கும்.

"யே க்யா ஹை?"

"சார், பேட்டி... ஸ்கேட்டிங்... நேஷனல்ஸ்... கோல்டு மெடல்!"

மெடல் இனிமேல்தான் வாங்க வேண்டும். அதற்கு இந்தியில் எதிர்காலம் சொல்லத் தெரியாது. உடனே போனை எடுப்பார். சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் 1000 மீட்டரில் உலக சாம்பியனான வீடியோ. நல்லவேளை, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற ரேஸ். அதிகாரி சிரித்துவிடுவார், ஸ்கேட் தப்பிக்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஆலன் கீ மட்டும் தப்பிக்காது. அது டூல்ஸ். அமெரிக்காவில் ஐஸ் ஸ்கேட்டைப் பிளேடோடு கேபினுக்குள் விடுகிறான் என்று வாதாடுவார். அது உண்மைதான், ஆனால் அங்கேயும் கடைசி முடிவு மெஷின் பக்கத்தில் நிற்பவருடையது.

கேட் அருகே மற்ற அப்பாக்களும் இருப்பார்கள். கிரிக்கெட் அப்பா சோர்ந்து உட்கார்ந்திருப்பார். மட்டை கேபினுக்குள் வராது. ஹாக்கி ஸ்டிக், கோல்ஃப் கிளப் கதையும் அதுவே. அவரிடம் இவருக்கு லேசான இளக்காரம். ஆனால் செஸ் அப்பா என்று ஒரு ஜென்மம் உண்டு. கையை வீசிக்கொண்டு வருவார், காபி குடிப்பார். பிள்ளையின் சாமான் மொத்தமும் மண்டைக்குள். அவரைப் பார்க்கும்போதுதான் நம்மாளுக்கு வயிறு எரியும்.

அடுத்த முறை வரிசையில் இவருக்குப் பின்னால் மாட்டினால் பெருமூச்சு விடாதீர்கள், ஒரு ஆல் தி பெஸ்ட் சொல்லுங்கள். மேலே லாக்கரில் மட்டும் அந்தப் பைக்குப் பக்கத்தில் உங்கள் முறுக்கு டப்பாவை வைத்துவிடாதீர்கள்.