தீவுக்கு ஒரு பாலம்

வீட்டு சர்வர் என்பது பெரும்பாலும் பதவி உயர்வு பெற்ற பழைய கணினிதான். வைஃபை இருக்காது, முதுகில் ஒரு லேன் துளை மட்டும் உண்டு. ஸ்ரீரங்கத்து வீடுகளில் கல்யாண வீடியோக்களையும் உபன்யாச ஒலிப்பதிவுகளையும் காப்பது அதன் உத்தியோகம். விசிறி இரைவதால் கூடத்தில் இடம் கிடைக்காது. கொல்லைப்புற அறைக்குத் தள்ளிவிடுவார்கள். இணையக் கம்பியோ தெருக் கம்பத்திலிருந்து வருகிறது. ரௌட்டர் ரேழியோடு நின்றுவிடும்.

லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. சுவர்தான் பிரச்சினை. செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தாத்தா காலத்தில் எழுப்பிய ஒன்றரை அடிச் சுவரில் ஓட்டை போட, வெளியூர்ப் பங்காளிகள் வரை சம்மதிக்க வேண்டும். முற்றத்து வழியாக இழுத்தால் அணில் கடிக்கும். சேதுவுக்கு மணல் சுமந்த வம்சம்தான். கேபிள் விஷயத்தில் மட்டும் கொள்கை வேறு.

ஆகவே காற்று வழி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அடுத்த வீட்டு ரசத்தின் மணம் போல அடுத்த வீட்டு வைஃபையும் தடையின்றி வந்துபோகும். 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, வேகம் அதிகம், சுவர் என்றால் மட்டும் பயம். ஏழு பிராகார ஊரில் நாலு சுவர் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். பிராகாரங்களுக்குக் கோபுர வாசல் உண்டே! நல்லவேளையாக, பழைய வீடுகளிலும் வாசற்கதவு முதல் கொல்லைக்கதவு வரை ஒரே நேர்க்கோட்டில் இருப்பது வழக்கம். அந்தக் கோட்டில் வைத்தால் 5 கிகாஹெர்ட்ஸும் போய்ச் சேரும். தேக்குக் கதவு கொஞ்சம் குடிக்கும். இரும்பு பீரோ முழுவதையும் விழுங்கும்.

யுஎஸ்பி வைஃபை குச்சி மலிவு. டிரைவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். மின்கம்பி வழியே தரவு அனுப்பும் அடாப்டரும் உண்டு. மும்முனை இணைப்புள்ள வீட்டில் இரண்டு பிளக்கும் வெவ்வேறு ஃபேஸில் விழுந்தால் அது தடுமாறும். மிஞ்சுவது பரணில் கிடக்கும் பழைய ரௌட்டர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத்தைத் திருச்சியோடு சேர்க்கும் காவிரிப் பாலம் ஒன்று 1976இல் வந்தது. பழைய ரௌட்டருக்கும் அதே வேலைதான். அமைப்புப் பக்கத்தில் அதன் பெயரே ‘பிரிட்ஜ்’.

முதலில் அதன் முகவரியை மாற்ற வேண்டும். இரண்டு ரௌட்டர்களும் 192.168.1.1 என்றே பிறந்திருக்கக்கூடும். அடுத்து, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அதில் அணைக்க வேண்டும். ஒரு பந்தியில் இரண்டு பேர் இலை எண் கொடுத்தால் என்ன ஆகும் என்பது கல்யாணம் நடத்தியவர்களுக்குத் தெரியும். பிறகு கிளையன்ட் பிரிட்ஜ் முறையைத் தேர்ந்தெடுத்து, வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, லேன் துளையிலிருந்து சர்வருக்கு ஒரு முழக் கேபிள்.

இங்கே ஒரு சூட்சுமம். தன்னிடம் பதிவு செய்த கருவியை மட்டுமே வைஃபை அறியும். அதன் பின்னால் கம்பியில் நிற்பவரை அறியாது. டபிள்யூடிஎஸ் முறையில் அனுப்பும் பொட்டலத்தில் நான்காவது முகவரிக்கு இடமுண்டு, ஆனால் இரு ரௌட்டர்களும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பாலம் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே அனுப்பும். ஒரே டோக்கனில் குடும்பம் முழுவதும் தரிசன வரிசையில் நுழைவது போல, பெரும்பாலும் நடந்துவிடும்.

சர்வருக்கு நிலையான முகவரி அவசியம். இல்லாவிட்டால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து மின்சாரம் வரும்போது சர்வர் முந்திக்கொண்டு எழுந்து, ரௌட்டர் இன்னும் கண் விழிக்காததால் முகவரி கிடைக்காமல் திகைக்கும். இன்வெர்ட்டரில் இணைத்தால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் அங்கே கூடத்து மின்விசிறிக்கும் கொசுவிரட்டிக்கும் பின்னால்தான் சர்வருக்கு இடம்.